உஷார்! பத்து நிமிடத்தில் "உங்களுக்கு ஓட்டிசம்" என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்

தங்கச்சிமாரே, கொஞ்சம் நில்லுங்கள். இதை வாசித்துவிட்டுப் பிறகு போனைக் கையில் எடுங்கள்.

"வளர்ந்த பெண்களுக்கும் ஓட்டிசம் இருக்கலாம்" என்று டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் வீடியோ மேல் வீடியோவாக வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. உண்மை இருப்பதால்தான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. முப்பது, நாற்பது வயது வரை "நான் மட்டும் ஏன் இப்படி" என்று உள்ளுக்குள் நொந்துபோன ஒருத்தி, விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் யாரையும் நம்பிவிடுவாள். எவர் கேட்டாலும் காசு அனுப்புவாள். அந்த நேரத்துக்காகவே சிலர் காத்திருக்கிறார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பிள்ளைக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். கடையொன்றில் கணக்கு எழுதுகிறாள், இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்த மகனுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று டொக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். ஓட்டிசமா என்று பார்க்க டொக்டர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, கூடப் போன அவளுடைய அம்மா சாதாரணமாகச் சொன்னாராம்: "இவளும் சின்னதுல இப்படித்தான் டொக்டர். யாரையும் நிமிர்ந்து பாக்க மாட்டா. சட்டைக் கழுத்துல சீட்டு உரசுனா நாள் முழுக்க அழுவா."

அன்று இரவு அவள் தூங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "நுவர, நுவர" என்று கத்தும்போது காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பவள் அவள். வேலை இடத்தில் போன் எடுப்பதற்கென்றே ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். "ஹலோ, வணக்கம், சேர் இருக்காரா? இருக்கார் என்றால் இதைச் சொல். இல்லை என்றால் இதைச் சொல். நன்றி சொல்லிவிட்டு வை." ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் இப்படி எழுதி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். வெளியே பார்ப்பவருக்கு அவள் கெட்டிக்காரி, அமைதியான பெண். வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்துவிடுவாள். மனப்பதற்றம் என்று பல வருடமாகக் குளிசை போட்டு வந்தாள்.

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் போய்க் கேட்டிருக்கிறாள். "கல்யாணம் கட்டி, பிள்ளை பெத்து, வேலைக்கும் போறீங்க. என் முகத்தைப் பாத்துத்தானே பேசுறீங்க? உங்களுக்கு என்ன ஓட்டிசம்?" பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கொப்பியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை.

மனமுடைந்து பேஸ்புக்கில் தேடினாள். ஆலோசகர் என்று ஒருவர் அகப்பட்டார். வீடியோவில் இருபது கேள்வி. முடிந்ததும் "உங்களுக்கு ஓட்டிசம், சந்தேகமே இல்லை" என்று முத்திரை குத்திய ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே உடம்பிலுள்ள நச்சை இறக்க என்று ஒரு தூள். "இனி அந்தக் குளிசை தேவையில்லை" என்ற புத்திமதியும் சேர்ந்து வந்தது.

அவள் குளிசையை ஒரேயடியாக நிறுத்திவிட்டாள்.

சில நாட்களில் தலை சுற்றியது. தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருந்ததாம். தூக்கம் இல்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள். கடைசியில் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தாள். மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற பல மருந்துகளைத் திடீரென்று விட்டால் இப்படி வரும். குறைப்பதாக இருந்தால் டொக்டரின் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காசு வாங்கிய ஆலோசகர் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தெரியுமா என்றே சந்தேகம்.

முதலில் இல்லை என்றவரும் சரி, பிறகு ஆம் என்றவரும் சரி, இருவரும் அவளுடைய சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவருமே ஆபத்தானவர்கள். ஓட்டிசத்தை இரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியாது. ஸ்கேனிலும் தெரியாது. பிள்ளைப் பருவம் முதல் எப்படி வளர்ந்தீர்கள், சத்தமும் வெளிச்சமும் உங்களை என்ன செய்கிறது, ஆட்களோடு பழகுவது எப்படி என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கூடவே உங்களைக் கவனித்துத்தான் சொல்ல முடியும். ஒரே சந்திப்பில் முடியாமலும் போகலாம்.

பெண்கள் ஏன் இப்படித் தப்பிப் போகிறார்கள்? 1943இல் லியோ கானர் என்ற மனநல டொக்டர் ஓட்டிசம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இருந்தது 11 பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் 3 பேர் மட்டும். அன்றிலிருந்து டொக்டர்மார் மனதில் பதிந்த முகம் ஒரு பையனுடையது. நாலு ஆணுக்கு ஒரு பெண் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்று என்று நெருங்கியது. பெண்பிள்ளைகளுக்கு நாம் சின்ன வயதிலேயே சிரி, வணக்கம் சொல், அடக்கமாக இரு என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறோம். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே நடித்துத் தப்பிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பயிற்சி இரட்டிப்பு. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வொன்று, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்றது. அப்படியொரு பரிசோதனையே இல்லாத காலத்தில் பிறந்து வளர்ந்த பெண்கள் இன்று எங்கே? நம் கடைகளில், பள்ளிக்கூடங்களில், அடுப்படிகளில்தான் இருக்கிறார்கள்.

சரி, எதைக் கண்டால் எழுந்து வந்துவிட வேண்டும்?

ஆளையே நேரில் பார்க்காமல் சான்றிதழ் தருகிறேன் என்றால். வேலை இடத்திலோ அரச அலுவலகத்திலோ அந்தத் தாளை யாரும் ஏற்கமாட்டார்கள். டொக்டர் என்று சொல்பவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். காசு கொடுக்க முன் பாருங்கள்.

குணமாக்குகிறேன் என்றால். இதை இரண்டு தடவை வாசியுங்கள். ஓட்டிசத்தை இல்லாமல் ஆக்கும் மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது. தூள், ஊசி, ஒக்சிஜன் அறை, நச்சிறக்கல், எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2005இல் ஓட்டிசத்துக்கென்று உடம்பிலுள்ள உலோகத்தை இறக்க மருந்து ஏற்றியபோது, ஐந்து வயதுப் பையனுக்கு இரத்தத்தில் கல்சியம் விழுந்து இதயம் நின்று போனது. நச்சிறக்குகிறோம் என்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லமாட்டார்கள். நூல் கட்டுவதும், தோஷம் கழிப்பதும், "கல்யாணம் கட்டினா சரியாகும்" என்பதும் இதே வகைதான். பிந்தியது இன்னும் மோசம். சம்மதமில்லாத இடத்தில் "இல்லை" என்று சொல்லத் தெரியாத ஒருத்தியை, அவளை விளங்கிக்கொள்ளாத வீட்டுக்குள் தள்ளுவது அது. அடியும் மிரட்டலும் நடக்கிற வீடென்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பதிலாக மற்றவர்கள் பேசினால். கணவர் பேசுவார், மாமியார் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள். கிளினிக்கில் சிங்களத்தில் கேட்பார்கள், பக்கத்து வீட்டு அக்கா மொழிபெயர்ப்பார், "சத்தம் தாங்க ஏலாது" என்று நீங்கள் சொன்னது அங்கே "கோபக்காரி" என்று போய்ச் சேரும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாயால் வராதென்றால் எழுதிக்கொண்டு போங்கள். ஏலுமானால் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதுவியுங்கள். உள்ளே போனதும் "ஒன்னுமில்ல டொக்டர், நல்லா இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால் தாளை முதலில் நீட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஓட்டிசத்தில் போட்டுவிடவும் வேண்டாம். தைரொயிட் கோளாறு, பழைய அதிர்ச்சி, கவனக்குறைவுப் பிரச்சினை, மனச்சோர்வு, இவையும் இதே மாதிரி முகம் காட்டும். ஓட்டிசத்தோடு சேர்ந்தும் வரும். அதனால்தான் படித்த ஒருவர் வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து தூரம் போக வேண்டியதில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. ஆனால் வரிசை நீளம், சத்தமும் அதிகம். காலையில் நேரத்தோடு போங்கள், காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள். பழைய பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, சின்ன வயதுக் கிளினிக் கார்ட், இப்போது போடும் மருந்துகளின் பெயர், எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். அம்மா இருந்தால் அம்மாவை, இல்லாவிட்டால் உங்களை வளர்த்த பெரியம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். முதல் டொக்டர் கேட்காவிட்டால் இரண்டாவது டொக்டரிடம் போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

வேலை இடத்தில் உடனே எல்லோருக்கும் சொல்லிவிடாதீர்கள். முறையான வைத்திய அறிக்கை கைக்கு வரட்டும். அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், முதலாளியின் வாய் ஒரு பக்கம். முதலில் தேவையை மட்டும் கேளுங்கள்: வேலையை எழுதித் தாருங்கள், சத்தமில்லாத மூலை தாருங்கள் என்று.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். கண்டுபிடிக்கப்படாமல் வருடக்கணக்காக நடித்துக் களைத்த பெண்களுக்கு, செத்துவிடலாமா என்ற எண்ணம் வருவது அபூர்வம் அல்ல. வந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுப்பார்கள். போனில் பேசுவதே பயம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் இந்த வரியைக் காட்டுங்கள், அவர் எடுத்துப் பேசட்டும். அதுவும் ஏலாவிட்டால் நேரே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், எந்த நேரமானாலும். குளிசையைத் தானாக நிறுத்தியவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே உங்கள் டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.