பிஸ்கட் டின்னில் ஒரு ஹோட்டல்

சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டு அலமாரியில் ஒரு கொங் குவான் பிஸ்கட் டின் இருக்கிறது. திறந்தால் பிஸ்கட் இருக்காது. விரல் நீள ஷாம்பு புட்டிகள், காகிதம் பிரிக்காத வட்டச் சோப்புகள், இரண்டு ஷவர் கேப். அப்பா சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். பயணிகளைக் கெந்திங், பினாங்கு, மலாக்கா என்று அழைத்துப் போய்விட்டுத் திரும்பும்போது, ஓட்டுநருக்குக் கொடுத்த அறையிலிருந்து இவற்றைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். சோப்பு யாருக்கு, ஷாம்பு யாருக்கு என்று அடிதடியே நடக்கும். ஹோட்டலின் வாசலைக்கூடப் பார்க்காத வயதில் அதன் வாசனை மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதை நினைத்துத்தான் சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன்: "ஹோட்டலிலிருந்து கிளம்பும்போது பையில் எதைப் போடுவீர்கள்?" வழக்கமாகப் பெட்ரோல் விலையைப் பற்றிக் கேட்டால்தான் இவ்வளவு குரல் பதிவுகள் வரும். கிள்ளானிலிருந்து ஒரு அம்மா, முதல் நாளே எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் புதிதாக வைக்கிறார்களா என்று பார்ப்பாராம். ஜொகூரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், குளியலறையில் என்ன பிராண்டு என்று பார்த்துவிட்டுத்தான் அறையையே பதிவு செய்வாராம். "ரூமுக்கு ஐந்நூறு ரிங்கிட் கொடுக்கிறேன், ஷாம்பு என்னுடையதுதானே?" என்றார். திறந்தால் தீரும் பொருள் விருந்தினருக்குத்தான். துண்டும் குளியல் அங்கியும் ஹோட்டலுக்கு. பெரும்பாலான ஹோட்டல்களின் கணக்கும் இதுதான்.

அந்த இளைஞரைக் கேலி செய்ய முடியாது. ஹோட்டல்களே அப்படித்தான் நம்மைப் பழக்கின. ரிட்ஸ்-கார்ல்டன் குளியலறைகளில் நெடுங்காலம் இருந்தது 'ஆஸ்ப்ரே' பெயர் போட்ட ஷாம்பு. ஆஸ்ப்ரே 1781இல் தொடங்கிய லண்டன் நிறுவனம். நகையும் வெள்ளிச் சாமான்களும் விற்பது. ஃபேர்மோன்ட் ஹோட்டல்களில் 'லே லாபோ'வின் ரோஜா வாசனை. கடையில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்துவிடும் பொருள், இங்கே கேட்காமலே கைக்கு வருகிறது. (புட்டிக்குள் இருப்பதைப் பல நேரங்களில் அந்தப் பெயருக்கு உரிமம் வாங்கிய வேறொரு நிறுவனம்தான் தயாரிக்கும். அது தெரிந்தும் நான் முகர்ந்து பார்ப்பதை நிறுத்தவில்லை.)

இப்போது அந்தப் புட்டிகள் குறைந்து வருகின்றன. 2019இல் ஐஎச்ஜி குழுமமும் அடுத்து மேரியட்டும், சிறு புட்டிகளுக்குப் பதில் அழுத்தி எடுக்கும் பெரிய புட்டிகளை வைக்கப்போவதாக அறிவித்தன. முழுமையாக நடைமுறைக்கு வந்தால் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி சிறு புட்டிகள் குப்பைக்குப் போகாது என்றது மேரியட். ஹாங்காங்கில் 2024 ஏப்ரல் முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குளியல் பொருள்களை ஹோட்டல்கள் இலவசமாகக் கொடுக்கக்கூடாது. கடலில் மிதப்பதைப் பார்த்த எவரும் இதை மறுக்க முடியாது. ஆனால், செலவு மிச்சமாவதைச் சொல்லாமல் பச்சை இலை படம் மட்டும் ஒட்டிவைக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அன்று கடைசியாக அழைத்தவர் ஓர் அக்கா. கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் பல ஆண்டுகளாக அறை சுத்தம் செய்கிறார்.

"நீங்க எடுத்துட்டுப் போறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லமா. ஒரு தடவை மட்டும் அழுத்திட்டு வச்சிட்டுப் போறாங்க பாருங்க, அதுதான் மனசு கேக்காது. அப்படியே குப்பையில போடணும். நாங்க வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. வேலை முடிஞ்சு போறப்ப பையைச் சோதிப்பாங்க."

பயன்படுத்திய சோப்பையும் அப்படித்தானா என்று கேட்டேன். அதையும்தான் என்றார். 2009இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் தொடங்கிய 'கிளீன் தி வேர்ல்ட்' என்ற அமைப்பு, ஹோட்டல்களில் மிஞ்சும் சோப்பைச் சேகரித்து, கிருமி நீக்கி, புதுக் கட்டிகளாக்கித் தேவைப்படுவோருக்கு அனுப்புகிறது என்று சொன்னேன். "அட, நல்ல காரியம்," என்றவர், "எங்க மாடிக்கும் வரச் சொல்லுங்க," என்று சிரித்தார். பெரிய புட்டிகள் வந்த பிறகு வேலை குறைந்ததா? "குறைஞ்சது எங்கே? நிரப்பணும், துடைக்கணும், முடி ஒட்டியிருக்கான்னு பாக்கணும். முதல்ல சும்மாதான் வச்சிருந்தாங்க. புட்டியோடயே தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப சுவத்துல பூட்டியாச்சு!"

அம்மாவின் அறுபதாவது பிறந்த நாளுக்கு அவரைப் பினாங்கில் ஒரு நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். அப்பா பயணிகளை இறக்கிவிட்ட கடற்கரைச் சாலையில்தான் அந்த ஹோட்டல். கடல் தெரியும் அறை. அம்மா சன்னல் பக்கம் போகவில்லை. நேரே குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். முகம் கழுவும் மேடையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சுவரில் மூன்று கறுப்புப் புட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒன்றை அழுத்தி, உள்ளங்கையை முகர்ந்தார்.

"வாசமா தான் இருக்கு. இதை எப்படிமா வீட்டுக்குக் கொண்டு போறது?"

கடல், பிளாஸ்டிக், ஹாங்காங் என்று நான் வானொலியில் பேசியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிதான், நல்லதுதான்," என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, காகிதம் பழுப்பேறிய வட்டச் சோப்பு ஒன்றை எடுத்தார். டின்னிலிருந்து கொண்டு வந்தது. மேலே அச்சடித்த ஹோட்டல் பெயர் பாதி அழிந்திருந்தது.

"ஹோட்டலுக்கு வரோமேன்னு எடுத்து வச்சேன். உங்கப்பா எந்த ஊர்ல இருந்து கொண்டாந்தாரோ, தெரியல."

அன்று இரவு அதில்தான் குளித்தார். நுரையே வரவில்லையாம். மிச்சத்தை டிஷ்யூவில் சுற்றி, மறுபடியும் கைப்பையில் வைத்துக்கொண்டார்.