மூச்சு விட்டால் இடம் மாறும்!

ஏற்காட்டுக்குப் போனால் சேர்வராயன் கோயிலுக்கு விறுவிறுவென்று ஏறிப் பாருங்கள். 5,300 அடிக்கு மேலான உயரம். சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே போவதற்கு முன் விலா மேல் கையை வையுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? உள்ளே நுரையீரலும் கல்லீரலும் கூடவே நகர்கின்றன.

நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் அதுவும் நகரும், சிலருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல்! சிகிச்சைக்கான கதிர்வீச்சு கட்டியில் பட வேண்டும், பக்கத்திலுள்ள இதயத்தைக் கூடியவரை தொடக் கூடாது. எவ்வளவு கதிர் தேவை என்று டாக்டர் சொல்வார். அதைக் குறி தப்பாமல் சேர்க்க வழி காண்பவர் மருத்துவ இயற்பியலாளர்.

அவருக்குக் கண் போன்றது சி.டி. ஸ்கேன். உடலைச் சுற்றிச் சுற்றி எக்ஸ் கதிரால் படமெடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தரும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. எலும்புக்குப் பல நூறு. கதிர் எங்கே எவ்வளவு மட்டுப்படும் என்பதை இந்த எண்களிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். எண் பிசகினால் எல்லாமே பிசகும். அதனால் தண்ணீர் நிரப்பிய உருளையை ஸ்கேன் செய்து, 0 வருகிறதா என்று அடிக்கடி சரிபார்ப்பார்கள். நோயாளியின் கண்ணுக்கே படாத இந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு பொறியாளர். 1979இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்!

சரி, மூச்சை என்ன செய்வது? நோயாளியின் வயிற்றில் சிறு பெட்டி ஒன்றை வைப்பார்கள். அது ஏறி இறங்குவதைக் கேமரா கவனிக்க, மூச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் படம் கிடைக்கும். இடது மார்பில் சிகிச்சை என்றால் ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தச் சொல்வதும் உண்டு. நுரையீரல் விரியும், இதயம் சற்றே விலகும். அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிர் பாயும்.

கதிர் சிகிச்சை நமக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் சில ஆண்டுகளிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. இன்று சிகிச்சை மேசையில் படுத்தபடியே படமெடுத்து, கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

மருத்துவ இயற்பியலாளர் வேலைக்கு வர இயற்பியலில் பட்டம், பிறகு மருத்துவ இயற்பியலில் மேற்படிப்பு வேண்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். அதோடு ஆஸ்பத்திரியில் பயிற்சியும் எடுக்க வேண்டும், நோயாளியின் உயிரல்லவா!