பழைய அம்பாஸடரில் மீட்டர் முள் பொய் சொல்வது ஏன்?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. பழைய அம்பாஸடர் வைத்திருக்கும் நம்மவர்கள் அங்கே வந்து, "பெட்ரோல் மீட்டர் போச்சு, புதுசு கொடுங்க" என்று கேட்பது வழக்கம். உத்தர்பாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றபின் அசல் மீட்டர் கிடைப்பது அரிது. கிடைத்த ஒன்றை மாட்டினாலும் முள் பழையபடியே நிற்பதுண்டு. தராசு நிற்கும் இடம் சரிந்திருந்தால் முள்ளைக் குறை சொல்லி என்ன பயன்?

அம்பாஸடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்தது. இம்மரபு வண்டிகளின் மீட்டர்கள் இருவகை. ஒன்று காந்தச் சுருள் வகை; சாவி போட்டதும் முள் சட்டென்று எழும். மற்றது வெப்ப வகை. இரு உலோகத் தகட்டின் மேல் சுற்றிய கம்பி சூடேறி, தகடு வளைந்து, முள் தூங்கி எழுந்தாற்போல் மெல்ல ஏறும். வண்டி எந்த ஆண்டு என்று ஆராய வேண்டாம், முள்ளின் நடையே போதும்.

இதை முதலில் அறியாமல் சோதித்தால் விடை தலைகீழாகிவிடும். டேங்க் யூனிட் வயரைக் கழற்றிச் சாவி போட்டால், மெல்ல ஏறும் முள் காலியில் கிடக்கும். சட்டென்று எழும் முள்ளோ ஃபுல்லுக்கு ஓடும். அதே வயரை பாடியில் எர்த் செய்தால் இரண்டும் இடம் மாறும். இப்படி ஒழுங்காக மாறினால் மீட்டரும் வயரும் நல்லவை. கோளாறு டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோதான். ஓர் எச்சரிக்கை: சாவியை அணைத்துவிட்டு வயரைக் கழற்றி, டேங்கை விட்டுத் தள்ளி இறுக்கிக் கட்டிய பிறகே சாவி போடுங்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் ஒரு பொறி போதும். வெப்ப வகையில் முள் ஏறத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்கம்பி கருகும்.

நிற்க. வெப்ப வகைக்கு டேஷ்போர்டின் பின்னால் ஸ்டெபிலைசர் என்ற சிறு தகரப் பெட்டி உண்டு. பாட்டரி 12 வோல்ட். வண்டி ஓடும்போது 14-ஐ எட்டும். அதற்கேற்ப முள்ளும் ஆடக்கூடாதல்லவா? பெட்டிக்குள் ஒரு தகடு சூடேறி விலகும், ஆறிச் சேரும். இப்படி விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் சராசரியாக 10 வோல்ட் ஆகிறது. ஆகவே அதன் 'ஐ' முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் மினுமினுக்க வேண்டும். விடாமல் எரிந்தால் தகடு ஒட்டிக்கொண்டது, அல்லது பெட்டிக்கு எர்த் இல்லை. அப்போது பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டுமே கூடுதலாகக் காட்டும். இரண்டும் செத்துக் கிடந்தால் 'பி' முனைக்குக் கரண்ட் வருகிறதா, ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் கெட்டால் ஸ்டெபிலைசரைத் தொடவே வேண்டாம். டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து பளபளவென்று வந்த வண்டியில் இந்தக் கோளாறு வந்தால் வியப்பில்லை. திருகாணிக்கு அடியில் பெயிண்ட் புகுந்து எர்த்தை மறித்திருக்கும். உப்புத்தாளால் சுரண்டினால் சரியாயிற்று. காசு செலவில்லை.

பெட்ரோல் முள் பொய் சொன்னால் வழியில் நிற்போம், அவ்வளவுதான். டெம்பரேச்சர் முள் பொய் சொன்னால் என்ஜினே போய்விடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும். முள்ளோ குளிர்ச்சி காட்டும்! அந்த சென்ஸருக்கு அதன் மரையே எர்த். ஒழுகாமல் இருக்கட்டுமென்று வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் பலவீனப்படும். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதைப் பாடியோடு இணைக்கும் பட்டை வயரையும் பாருங்கள். அது அறுந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியே போகப் பார்க்கும். ஸ்டார்ட் செய்தபின் சோக் கேபிள் சுடுகிறது என்றால் இதுதான் சங்கதி.

ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில், ஸ்டார்ட்டர் தவிர ஏறக்குறைய முழு மின்சாரமும் அதன் வழியாகவே ஓடும். பின்புற நட்டு தளர்ந்தால் சூடேறிப் புகையும். கை வைக்குமுன் பாட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் இவை எதுவும் வேண்டாம். அதை ஓட்டுவது மின்சாரமன்று, கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள். உள்கம்பியை உருவித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிப் பாருங்கள்.