வெயிலுக்குப் பழகிய குளவி

கரும்புத் தோகையின் அடிப்புறத்தில் கட்டிவிடப்படும் முட்டை ஒட்டுண்ணி அட்டையை உற்றுப் பார்த்தால், சொரசொரப்பான கறுப்புப் பொடியை ஒட்டி வைத்ததாகத்தான் தெரியும். அது பொடி அல்ல, அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். உள்ளே ஒட்டுண்ணி வளர வளர முட்டை கறுத்துவிடும். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறக்குறைய 20 ஆயிரம் முட்டைகள் இருக்கும். அவற்றிலிருந்து வெளிவரும் டிரைக்கோகிரம்மா என்ற குளவியின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். அது இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குள் தன் முட்டையை வைத்துவிடும். கரும்பைத் துளைக்க வேண்டிய புழு பிறப்பதே இல்லை.

இந்தச் சின்ன உயிருக்குப் பெரிய எதிரி வெயில். உடல் இவ்வளவு சிறிதாக இருந்தால் சுற்றியுள்ள காற்றின் சூடு உடனே உடலுக்குள் இறங்கிவிடும். தாக்குப்பிடிக்க அவகாசமே கிடையாது. பல சமயங்களில் பயிரைத் தின்னும் பூச்சியைவிட அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக்கே வெப்பம் அதிகம் வலிக்கிறது என்பதுதான் கவலைக்குரிய விஷயம். அமெரிக்காவில் புகையிலைச் செடியைத் தின்னும் கொம்புப்புழு ஒன்றும், அதன் உடலுக்குள் வளரும் கோட்டீசியா என்ற குளவியும் இதற்குத் தெளிவான சாட்சி. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் கடும் வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். புழு பிழைத்தது, உள்ளே இருந்த குளவிக் குஞ்சுகள் செத்தன. புழுவோ கூட்டுப்புழுவாக மாறாமல் தின்றுகொண்டே போய், வழக்கத்தை மீறிய பெரிய உருவமாக வளர்ந்தது.

அப்படியானால் குளவியை முன்கூட்டியே வெயிலுக்குப் பழக்கிவிட்டால் என்ன?

பழக்க முடியும். உயிரைப் பறிக்காத அளவு சூட்டைச் சற்று நேரம் கொடுத்தால், பிறகு வரும் கொடுஞ்சூட்டைப் பூச்சி தாங்கிக்கொள்கிறது. அதன் செல்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உற்பத்தி செய்துவைக்கின்றன. சூட்டில் உருக்குலையும் மற்ற புரதங்களை இவை தாங்கிப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டின் முதல் தடயத்தை 1962-ல் வெளியிட்டவர் ஃபெருச்சோ ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி. பழ ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டிவைத்துவிட, ஈக்களின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகள் தோன்றியிருந்ததை அவர் கவனித்தார்.

ஆனால் இந்தப் பழக்கம் இலவசமாகக் கிடைப்பதில்லை. வெப்ப அதிர்ச்சி நேரத்தில் செல் தன் வழக்கமான புரத உற்பத்தியைப் பெருமளவு நிறுத்திவிடும். ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் இலைப்புழுவை ஒழிக்க விடப்படும் இன்னொரு டிரைக்கோகிரம்மா இனத்தை, ஏரி ஹாஃப்மன் என்ற ஆய்வாளரின் குழு 1990-களில் இப்படிப் பழக்கிப் பார்த்தது. சுட்டெரிக்கும் நேரத்தில் பழகிய குளவிகளுக்கு அனுகூலம் இருந்தது. அதே பழக்கம் இதமான வானிலையில் பாரமாக அமையக்கூடும் என்பதும் தெரியவந்தது.

ஒட்டுண்ணிகளிடம் இந்தச் செலவு கூடுதலாகவே உறைக்கிறது. வளர்ந்த பிறகு உடலில் கொழுப்பை உருவாக்கிக்கொள்ளும் திறன் பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இல்லை. குஞ்சாக இருக்கும்போது இரையிடமிருந்து சேர்த்ததுதான் கடைசி வரைக்கும். வழிப் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி. சூட்டில் உடல் அந்தக் கொழுப்பை வேகமாக எரித்தால் அது சீக்கிரம் தீரும். பறக்கவும் இரை தேடவும் முட்டை உருவாக்கவும் மிச்சம் குறையும்.

உயிர் பிழைத்துவிட்டாலே போதும் என்றும் சொல்ல முடியாது. தட்டைப்பயறில் விழும் வண்டின் புழுக்களைக் கொல்லும் அனிசோப்டெரோமேலஸ் என்ற குளவியைப் பிரான்சில் ஆராய்ந்தார்கள். கூட்டுப்புழுப் பருவத்தில் சூடுபட்ட ஆண்கள் உயிரோடுதான் வெளியே வந்தன, ஆனால் விந்தணுக்கள் குறைந்திருந்தன. குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். விந்தணு குறைந்தால் அடுத்த தலைமுறையில் பெண்கள் குறையும். பூச்சியின் முட்டையையோ புழுவையோ தேடிப் போய் ஒழிப்பது பெண் குளவிதான் என்பதால், கணக்கில் உயிரோடிருக்கும் குளவிகள் வயலில் பயன்படாமலே போய்விடலாம்.

இந்தியாவில் வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. பெங்களூரிலுள்ள உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் டிரைக்கோகிரம்மாவைத் தலைமுறை தலைமுறையாகக் கூடுதல் வெப்பத்தில் வளர்த்து, தாக்குப்பிடித்தவற்றைப் பெருக்கி, வெப்பம் தாங்கும் ரகத்தை உருவாக்கினார்கள். இது ஒரு பூச்சி தன் ஆயுளுக்குள் பழகிக்கொள்வது அல்ல, இனத்தையே தேர்ந்தெடுப்பது. நல்ல முயற்சி. என்றாலும், எந்த ரகத்தையும் வெயிலில் உயிர் தங்குகிறதா என்று மட்டும் பார்த்து எடைபோடக் கூடாது. எத்தனை முட்டைகளைத் தேடிப் பிடித்தது, எத்தனை பெண்களை ஈன்றது என்றும் பார்க்க வேண்டும்.

ஒட்டுண்ணி அட்டை வாங்கும் விவசாயிகள் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. அட்டையை வண்டிப் பெட்டியில் வேகவிட்டுக் கொண்டுவராதீர்கள். காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ, நிழல் படும்படி தோகையின் அடிப்புறத்தில் கட்டுங்கள். எந்த வெப்பநிலையில் வளர்த்த ஒட்டுண்ணி என்று உற்பத்திக் கூடத்தில் கேட்டு வாங்குங்கள்.