ஓரெழுத்துப் பிழை

விடைத்தாள் திருத்தும்போது ஓரெழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாமா என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. அதற்கு விடையாக நான் காட்டுவது, நம் பதுளைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையைத் தலையில் தாங்கும் கயிற்றை. இரு புரி முறுகிய நெடுங்கயிற்றில் ஓரிடம் தளர்ந்தாலும் கயிறு தாங்கும். ஒரு சாண் கயிற்றில் அதே தளர்ச்சி இருந்தால் புரிகளே பிரிந்துவிடும்.

நம் உயிரணுக்களில் உறையும் டி.என்.ஏ.யும் இரு புரிக் கயிறே. அதன் நான்கு எழுத்துகளுள் அடெனின் தைமினோடு இரண்டு ஐதரசன் பிணைப்புகளாலும், குவானின் சைற்றோசினோடு மூன்றாலும் கைகோத்து நிற்கும். வெப்பம் ஏற ஏறப் பிணைப்புகள் நெகிழ்ந்து புரிகள் பிரியும். இதனை அறிஞர் ‘உருகுதல்’ என்பர். பாதி பிரிந்து நிற்கும் வெப்பநிலையே உருகுநிலை.

இக்கயிற்றில் குறைகள் பலவாறு நேரலாம். பொருந்தா எழுத்துகள் எதிரெதிரே அமையலாம். ஒரு புரியில் ஓரெழுத்து மிகுந்து புடைக்கலாம். ஓரெழுத்து உதிர்ந்து வெற்றிடமாகலாம். நீண்ட டி.என்.ஏ.யில் நூறு இணைகளுக்கு ஒன்று பொருந்தாவிடின் உருகுநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியசே தாழும். இருபது எழுத்துக் குறும்புரியிலோ ஒரே பிழை பல பாகைகளைக் குறைத்துவிடும். பிழை நடுவில் நேர்ந்தால் கேடு மிகுதி; முனைகள் இயல்பாகவே நெகிழ்ந்தவையாதலின் அங்கு நேர்ந்தால் குறைவு.

இஃது ஆய்வுகூடத்து வேடிக்கையன்று. தலசீமியா மிகுதியாகக் காணப்படும் இலங்கை மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இந்நாட்டில் அந்நோய்க்குக் காரணமாகப் பெரிதும் காணப்படும் பிழைகளுள் ஒன்று, பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இடைத்துண்டில் ஐந்தாம் எழுத்தாகிய குவானின் சைற்றோசினாக மாறியிருப்பதே. அதனால் ஈமோகுளோபின் ஆக்கம் குன்றுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்ற குழந்தை, பெரும்பாலும் மாதந்தோறும் பிறர் தரும் குருதியாலேயே வாழவேண்டியதாகிறது.

இத்தகைய பிழையைக் காட்டிக்கொடுப்பதும் மேற்சொன்ன உருகுதலே. 1983இல் கலிபோர்னிய ஆய்வாளர் 19 எழுத்துக் குறும்புரிகளைச் செய்து, அரிவாளணுச் சோகையின் ஓரெழுத்து மாற்றத்தை அவற்றால் இனங்கண்டனர். குறும்புரி தனக்கு முற்றும் பொருந்தும் மரபணுவை இறுகப் பற்றும். ஓரெழுத்து பொருந்தாவிடினும், தக்க அளவு சூடேற்றியதும் கழன்றுவிடும். தலசீமியாவின் பிழைகளையும் இதே நெறியால் அறியலாம்.

ஒரு பிரதியில் மட்டும் பிழையைச் சுமப்பவர் நோயாளர் அல்லர். பலர் அதனை அறியாமலே நலமாக வாழ்கின்றனர். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மணப்பேச்சு எழுமுன்பே ஓர் எளிய குருதிப் பரிசோதனை முதல் ஐயத்தை எழுப்பிவிடும், தேவையாயின் டி.என்.ஏ. ஆய்வு அதனைத் தெளிவிக்கும். சாதகப் பொருத்தம் பார்க்கும் நம் லயங்களில் இப்பொருத்தத்தையும் பார்க்கும்படி சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

ஓரெழுத்துப் பிழையைப் பொறுக்கலாமா என்று கேட்கும் மாணவருக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: பிழை செய்தவரைப் பொறுக்கலாம், பிழையைப் பாராமல் விடலாகாது.