எத்தனை வெற்றி, யாரை வென்று?

சுசீந்திரம் தெப்பக்குளக் கரையில் மாலை வேளைகளில் என்னுடன் நடக்க வரும் நண்பர் ஒருவர், தம் பேரனின் கல்லூரிக் கூடைப்பந்து அணி 10 ஆட்டங்களில் 9-ல் வென்றதைப் பெருமிதத்துடன் சொன்னார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால், பொருளாதாரம் கற்பித்தவனுக்கு ஒரு விழுக்காட்டைக் கேட்டதும் அதன் அடித்தளத்தை விசாரிக்கும் பழக்கம் விடுவதில்லை. "எந்தெந்தக் கல்லூரிகளோடு ஆடினார்கள்?" என்றேன். "எல்லாம் நம்ம சுற்றுவட்டாரக் கல்லூரிகள்தான் சார்" என்றார்.

சென்னை, கோவையின் வலுவான அணிகளோடு மோதி, 10-ல் 6 ஆட்டங்களில் மட்டுமே வென்ற இன்னோர் அணி இருப்பதாகக் கொள்வோம். இரண்டில் சிறந்த அணி எது?

இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் எதிர்கொள்கிறது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. அங்கே முதல்நிலைப் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் ஆடுகிறது. எல்லோரும் எல்லோருடனும் மோத இயலாது. அவற்றிலிருந்து 68 அணிகளைத் தேசியப் போட்டிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே, 1981 முதல் ஒரு குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். அதில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்குதான் மதிப்பு. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கு. அந்த எதிரணிகள் சந்தித்த அணிகளின் வெற்றி விகிதத்துக்கு எஞ்சிய கால் பங்கு.

நம் இரு அணிகளுக்கும் இதைப் பொருத்திப் பார்ப்போம். முதல் அணியின் வெற்றி விகிதம் 90%. அதன் எதிரணிகளுடையது 40%. அவற்றின் எதிரணிகளுடையது 45% என்று வைத்துக்கொண்டால், குறியீடு 53.75. இரண்டாம் அணிக்கு இவை முறையே 60%, 65%, 55% என்றால், குறியீடு 61.25. நான்கு முறை தோற்ற அணி, ஒரே முறை தோற்ற அணியை முந்திவிடுகிறது.

இந்தக் கணக்கிலும் குறை உண்டு. வலிமையான அணிகளோடு ஆடித் தோற்றாலே குறியீடு உயரக்கூடும். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது கணக்கில் வராது. அதனால்தான் 2018-ல் இதைக் கைவிட்டு, ஆட்டத்திறனையும் அளக்கும் புதிய முறைக்கு மாறினார்கள். ஆனால், எதிரணியின் வலிமையைப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

நமக்கு நன்கு தெரிந்த ரஞ்சி கோப்பையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2018-19 பருவத்தில் புதுச்சேரி, பிகார், உத்தரகண்ட் உள்ளிட்ட 9 அணிகள் பிளேட் பிரிவில் ஆடின. பிகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகள் வீழ்த்தி, 1974-75-ல் பிஷன் சிங் பேடி 64 விக்கெட்டுகளுடன் படைத்த சாதனையை முறியடித்தார். அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும், இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டவை அல்ல. அதே பருவத்தில் பிளேட் பிரிவில் முதலிடம் பிடித்து காலிறுதிக்கு வந்த உத்தரகண்ட், விதர்பாவிடம் ஓர் இன்னிங்ஸ், 115 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த பருவத்தில் அவ்வாறே வந்த கோவா, குஜராத்திடம் 464 ரன்களில் வீழ்ந்தது. 2022-ல் நாகாலாந்துக்கு எதிராக ஜார்க்கண்ட் முதல் இன்னிங்ஸில் 880 ரன்கள் குவித்து, மொத்தத்தில் 1,008 ரன்கள் முன்னிலை பெற்றது.

அப்படியானால், எளிய எதிரணிகளை வென்றவர்கள் எல்லோரும் வலிமையற்றவர்களா? இங்கேதான் நாம் அவசரப்படக் கூடாது. 2010-11-ல் ராஜஸ்தானும் பிளேட் பிரிவில்தான் தொடங்கியது. அங்கே ஹைதராபாதை 21 ரன்களுக்குச் சுருட்டியபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் இருந்திருக்கலாம். பின்னர் அதே அணி மும்பையையும், நம் தமிழ்நாட்டையும், இறுதியில் பரோடாவையும் கடந்து கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டும் தக்கவைத்துக்கொண்டது. எளிய அட்டவணை ஓர் அணியின் பலவீனத்துக்குச் சான்று அல்ல. அதன் பலம் இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதற்கே சான்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இது வெறும் விளையாட்டுக் கணக்கும் அல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அரசுப் பணியும் கிடைக்கும் மாநிலம் நம்முடையது. பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய தேர்வுக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். உள்ளூர்ப் போட்டிகளில் வென்ற கோப்பைகளைக் கட்டாகக் கொண்டுவந்த மாணவனைத் தேர்ந்தெடுத்தோம். கடினமான போட்டியில் காலிறுதியோடு வெளியேறிய மாணவியைத் திருப்பி அனுப்பினோம். அவள் யாரிடம் தோற்றாள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தத் தாளில் என் கையொப்பமும் இருக்கிறது.

செய்ய வேண்டியவை இரண்டு. சான்றிதழ்களில் வெற்றியின் எண்ணிக்கையோடு, எந்த அணிகளை எதிர்த்து என்பதும் பதிவாக வேண்டும். அதைவிட முக்கியமானது, வலிமையான அணிகளோடு மோதும் வாய்ப்பு. கடைக்கோடி மாவட்டத்துச் சிறு கல்லூரிக்குப் பயணச் செலவே பெரிய தடை. கல்லூரி நிர்வாகங்களும், பல்கலைக்கழகங்களும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். சோதிக்கும் வாய்ப்பைத் தராமல், சோதிக்கப்படாதவர்கள் என்று ஒதுக்குவது நீதியாகாது.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்: "அடுத்த பருவத்தில் பேரனின் அணி சென்னைக்கும் கோவைக்கும் போய் ஆடட்டும். 10-ல் 4 தோற்றுவிட்டு வந்தாலும், நான் இனிப்போடு வந்து வாழ்த்துகிறேன்."

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு)