புரதம் கட்டிக்கொண்டதா? மஞ்சள் சாயம் காட்டிக்கொடுக்கும்

பாடப்புத்தகத்தில் முக்கியமான வரிகள்மேல் நீங்கள் தீட்டும் ஹைலைட்டர் பேனாவின் நிறம் ஏன் அப்படிக் கண்ணைப் பறிக்கிறது? அதிலுள்ள சாயம், நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சி, வேறு நிற ஒளியாகத் திருப்பி அனுப்புகிறது. இதைத்தான் உடனொளிர்வு என்கிறார்கள்.

இப்போது வேறொரு சாயத்தைக் கற்பனை செய்து பாருங்கள். சும்மா தண்ணீரில் கலந்தால் அது ஏறக்குறைய ஒளிரவே ஒளிராது. குறிப்பிட்ட ஒரு பொருளைச் சந்தித்தால் மட்டும் பளிச்சென்று ஒளிரும். அப்படி ஒரு சாயம் உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் தயோஃபிளேவின் டி. அது தேடிப் பிடிப்பது, தவறாகக் கட்டிக்கொண்ட புரதங்களை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. மாலை சரியாக மடிந்தால்தான் புரதம் தன் வேலையைச் செய்யும். சில வேளைகளில் அந்த மடிப்பு அவிழ்ந்துவிடுகிறது. அவிழ்ந்த புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நீண்ட நார்களாகின்றன. இவற்றுக்கு அமிலாய்டு என்று பெயர். 1854இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ உடல் திசுவில் இத்தகைய படிவைக் கண்டார். அயோடின் பட்டதும் அது மாவுச்சத்தைப்போல் நிறம் மாறியதால் இந்தப் பெயரை வைத்தார். அமிலம் என்றால் இலத்தீனில் மாவுச்சத்து. பிறகுதான் அது புரதம் என்று தெரிந்தது. பெயர் தவறு என்று தெரிந்தும் யாரும் மாற்றவில்லை!

1906இல் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த மறதிநோயில், மூளையில் படியும் கட்டிகள் இத்தகைய நார்களால் ஆனவை. அங்கே கட்டிக்கொள்வது பீட்டா அமிலாய்டு. 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு. அது எப்போது, எவ்வளவு வேகத்தில் கட்டிக்கொள்கிறது, எதைச் சேர்த்தால் நிற்கும்? மருந்து தேடுபவர்களுக்கு இந்தக் கேள்விகள் முக்கியம். ஆனால் நாரின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான். எலெக்ட்ரான் நுண்ணோக்கி அதைப் படம் பிடித்துக் காட்டும். நார் உருவாவதை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க அது உதவாது.

இங்கேதான் நம் சாயம் கைகொடுக்கிறது. அமிலாய்டை அது ஒளிரச் செய்யும் என்பதை வாசார், கல்லிங் என்ற இருவர் 1959இல் தெரிவித்தனர். அதன் மூலக்கூறு இரண்டு பகுதிகளைக் கொண்டது. நடுவிலுள்ள ஒற்றைப் பிணைப்பை அச்சாகக் கொண்டு அவை சுழலும். ஒளி தரும் ஆற்றலெல்லாம் இந்தச் சுழற்சியிலேயே தீர்ந்துவிடும். நாரின் மேற்பரப்பில் நீளவாட்டில் பள்ளங்கள் உள்ளன. அவற்றில் சிக்கிக்கொண்ட மூலக்கூறால் திரும்ப முடியாது. திடலில் ஓடி ஆடும் பையனைக் கூட்டமான பேருந்தில் ஏற்றினால் என்ன செய்வான்? கை கால் ஆட்ட இடமில்லாததால் கத்தித் தீர்ப்பான். அதுபோல, சிக்கிய மூலக்கூறு தன் ஆற்றலை ஒளியாக விடுகிறது. சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியை அனுப்பினால், சுமார் 480 நானோமீட்டரில் நீலப்பச்சை ஒளி திரும்பி வருகிறது.

சோதனை செய்வது எளிது. 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் இன்சுலின், அமிலம், சாயம் மூன்றையும் கலந்து 60 பாகை செல்சியசில் வைப்பார்கள். கருவி ஒவ்வொரு குழியின் ஒளியையும் விடாமல் அளக்கும். முதலில் ஒன்றும் நடக்காது. வெகு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கோடு திடீரென மேலே ஏறும், கடைசியில் சமமாகிவிடும். ஏன் இந்தக் காத்திருப்பு? முதல் சில புரதங்கள் சரியாகச் சேர்ந்து ஒரு விதையாவதுதான் கடினம். விதை அமைந்துவிட்டால் மற்றவை வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே உருவான நாரில் சிறிது எடுத்துப் போட்டால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது. பாலுக்கு உறைமோர் ஊற்றுவதைப் போலத்தான். (உறைமோரில் வேலை செய்வது பாக்டீரியா, இங்கே அப்படி எந்த உயிரும் இல்லை.) மூளையை அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயைக் கண்டறிய இதே உத்தியை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் தண்டுவட நீரில் விதை இருந்தால், அது சேர்க்கப்பட்ட குழி ஒளிர ஆரம்பிக்கும்.

ஆனால் இந்தச் சாயம் ஏமாற்றவும் செய்யும். மஞ்சள் மறதிநோயைத் தடுக்கும் என்ற செய்தி உங்கள் வீட்டு வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினைக் குழியில் சேர்த்தால் ஒளி உண்மையிலேயே குறைகிறது. "நார் உருவாகவில்லை, வெற்றி!" என்று துள்ளத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். குர்குமின் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? நீல ஒளியை உறிஞ்சுவதால்தானே? சாயத்துக்குப் போகவேண்டிய நீல ஒளியில் ஒரு பங்கை அது வழியிலேயே விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அது தானும் நாரில் போய் ஒட்டக்கூடியது. குர்குமின் போன்ற பொருள்கள் இந்தச் சோதனையைத் திசைதிருப்பும் என்பதை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. குர்குமின் நாரைத் தடுக்கவே தடுக்காது என்று இதற்குப் பொருளல்ல. ஒளி குறைந்ததை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? நார்கள் முழுமையாக உருவாகி, ஒளி உச்சத்தில் நிற்கும் குழியை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் குர்குமினைச் சேர்த்த மறுகணமே ஒளி விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. அவ்வளவு உறுதியான நார்கள் நொடியில் கரைந்துபோக வாய்ப்பில்லையே! அந்தக் குழியிலிருந்து ஒரு துளியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒளி மங்கியிருந்தாலும் நார்கள் அப்படியே கிடக்கும்.